11 மாதப் பாப்பா திடீரென்று மாறிவிட்டாளா?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தமிழாசிரியை கேட்டிருக்கிறார். மகளுக்கு 11 மாதம் நடக்கிறது. கிண்ணம் கிண்ணமாகக் கேழ்வரகுக் கூழ் குடித்தவள் இப்போது ஸ்பூனைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறாள். எடை முன்போல ஏறவில்லை. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அழுகிறாள். அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுகை. இன்னும் நடக்கவில்லை, அதனால் மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார். பல் முளைப்பதால் அடிக்கடி பேதியாகிறது என்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது விடுப்பு முடிகிறது. "நான் எங்கே தப்பு செய்தேன்?" என்று முடித்திருக்கிறார்.

எங்கேயும் தப்பு செய்யவில்லையம்மா. நான் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்தவள். இப்போது காட்பாடியில் மகள் வீட்டில் 14 மாதப் பேரனுக்கு ஆயா. நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் குறைகளில் பேதியைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் அவள் வளரும் இந்தக் கட்டத்திலிருந்தே வருபவை. பாப்பாவுக்கு இப்போது "நானே" என்பது வந்துவிட்டது. தானே எடுக்க வேண்டும், தானே வாயில் வைக்க வேண்டும், தானே எழுந்து நிற்க வேண்டும். அதே சமயம் அம்மா கண்ணை விட்டுப் போனாலும் எங்கோ இருக்கிறாள் என்பதும் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அழுகிறாள். நான்கு மாதக் குழந்தைக்கு அது தெரியாது, அதனால்தான் அப்போது நிம்மதியாகக் குளித்தீர்கள்.

முதலில் எடை, ஏனென்றால் உங்கள் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பெண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.2 கிலோ, 3 மாதத்தில் 5.8, 12 மாதத்தில் 8.9, இரண்டு வயதில் 11.5. கழித்துப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் ஏறிய 2.6 கிலோ, அடுத்த பிறந்தநாளிலிருந்து அதற்கடுத்த பிறந்தநாள் வரை ஒரு முழு வருடத்தில் ஏறப்போகிறது. இப்போது மாதத்துக்கு 200 கிராம் ஏறினாலே நல்ல ஏற்றம். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். உங்கள் பெண் 8 கிலோ 100 என்று எழுதியிருக்கிறீர்கள். 12 மாதப் பெண் குழந்தைக்கு 7 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்று கணக்கு. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு அட்டையில் குறித்து வாருங்கள். ஒரு புள்ளியைப் பார்த்துப் பதற வேண்டாம், கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதம் கோடு படுத்தேவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் வீடுகளில் தினமும் சண்டை.

போன வாரம் என் பேரன் தரையில் கிடந்த ஒரே ஒரு சோற்றுப் பருக்கையைப் பார்த்தான். உட்கார்ந்தான். ஆள்காட்டி விரலால் முதலில் தொட்டுப் பார்த்தான், நகர்ந்துவிட்டது. மறுபடியும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் சேர்த்துக் கொண்டுபோனான். மூன்றாவது தடவை பிடிபட்டது. வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மலையைத் தூக்கி வைத்தவன் மாதிரி. அந்தக் கிள்ளிப் பிடிக்கும் திறன் ஒன்பது, பத்து மாதத்தில் வருகிறது. அது வந்த பிறகு நாம் கூழைக் கரைத்து வாய்க்குள் ஊற்றிக்கொண்டே இருந்தால் எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும்?

அதனால் கூழை விட்டு வெளியே வாருங்கள். இட்லியை விரல் அளவு பிட்டுத் தட்டில் வையுங்கள். மிருதுவான தோசைத் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நசுங்கும் அளவுக்கு வெந்த கேரட், வாழைப்பழம், பப்பாளி, வெந்த முட்டை, எதுவும் சரி. உங்கள் கையில் ஒரு ஸ்பூன், அவள் கையில் ஒரு ஸ்பூன். பருப்பும் கீரையும் சேர்த்துக் குழைத்த சோற்றில் அரை ஸ்பூன் நெய் விட்டு நீங்கள் ஊட்டுங்கள், நடுநடுவே அவள் எடுத்துத் தின்னட்டும். பாதி தரைக்குப் போகும். பழைய வேட்டியைக் கீழே விரித்துவிடுங்கள். இந்த வயதில் தாய்ப்பாலோடு சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். ஒரு வேளை 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். பிடித்து வைத்துத் திணித்தால் அடுத்த வேளை ஸ்பூனைப் பார்த்ததும் வாய் மூடும், உங்கள் வீட்டில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். போனில் பாட்டுப் போட்டு ஊட்டுவதும் வேண்டாம். படத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது.

கேழ்வரகை விடச் சொல்லவில்லை. உங்கள் மாமியார் ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சுகிறாரே, அது பெரிய வேலை, நல்ல வேலை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் இனி வடிகட்ட வேண்டாம். பல் வந்தாயிற்று, முளைகட்டிய மாவில் அடையாகச் சுட்டு நெய் தடவி மெத்தென்று கொடுங்கள், அதையே தானே கடித்துத் தின்பாள்.

இரும்புச்சத்துதான் என் கவலை. தாயிடமிருந்து வந்த இரும்பு ஆறு மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது, தாய்ப்பாலில் அது குறைவு. முருங்கைக்கீரையும் பருப்பும் கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு நன்றாக உடலில் சேரும். அசைவம் உண்டு என்றால் கோழி ஈரலை நன்றாக வேகவைத்து மசித்து வாரம் ஒரு முறை. அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள், கிராம செவிலியரிடம் கேளுங்கள். பல வீடுகளில் அந்தப் பாட்டில் அலமாரியில் அப்படியே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இதற்கு நேர் எதிரி, நம் ஊரில் செல்லமாகக் கொடுக்கும் டீயில் நனைத்த பொறை. டீ இரும்பைச் சேரவிடாது. தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். மாட்டுப்பால் ஒரு வயது முடிந்த பிறகு போதும், அப்போதும் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலாலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, ரத்தசோகை வரும். ஒரு வயது வரை தேன் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. உப்பும் சர்க்கரையும் அதுவரை தேவையே இல்லை.

முழு வேர்க்கடலை, கொண்டைக்கடலை, திராட்சை, சப்போட்டாக் கொட்டை, சீத்தாப்பழ விதை எதுவும் அவள் கைக்கு எட்டக்கூடாது. கிள்ளிப் பிடிக்கத் தெரிந்த விரல் இதையும் பிடிக்கும். தொண்டையில் அடைத்து இருமவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்ய வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக்கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இதை மாமியாருக்கும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டுங்கள். பகலெல்லாம் பாப்பாவோடு இருக்கப்போகிறவர் அவர்தான்.

அடுத்தது பேதி. பல் முளைத்தால் பேதியாகும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டிருக்கிறேன். பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தம் இல்லை. பல் முளைக்கும் வயதும் தவழும் வயதும் ஒன்று. தவழும் குழந்தை செருப்பைத் தொடும், துடைப்பத்தைச் சப்பும், தரையில் தட்டிய கையை வாயில் வைக்கும். நம் வேலூரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 8 நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை, வாரம் இருமுறை வீட்டுக்கே போய்க் கவனித்த ஒரு பெரிய ஆய்வில், இந்தியாவுக்கான இடம் வேலூரின் நெருக்கமான குடியிருப்புகள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வாளர்கள் நடத்தினார்கள். பேதியே இல்லாத குழந்தையின் குடலிலும் கிருமிகள் இருப்பதும், அப்படி இருந்தாலே வளர்ச்சி குறைவதும் அதில் தெரிந்தது. அதாவது வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கும்போதே உள்ளே எடையை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கலாம். ஒன்றரை மாதத்திலிருந்து உங்கள் பெண் வாயில் சொட்டாக வாங்கிய, பேதி தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து இருக்கிறதல்லவா, இந்தியாவிலேயே உருவான ரோட்டா மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2011-ல் தொடங்கியபோது டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் பங்கெடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசுப் பட்டியலில் 2017-ல் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. அந்தச் சோதனைக்கு நம் ஊர்த் தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளோடு செய்த உதவி அது. எனக்கு இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறையும்.

ஆனால் அந்த மருந்து ரோட்டா என்ற ஒரு வைரஸைத்தான் தடுக்கும், மற்றதற்குச் சோப்புதான். உங்கள் கை, மாமியார் கை, பாப்பாவின் கை. மலம் கழுவிய பிறகு, சமைக்கும் முன், ஊட்டும் முன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். காலையில் காய்ச்சியதை மதியம் கொடுக்க வேண்டாம், இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும். பேதி வந்தால் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஸ்பூனால் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், தினமும் ஒன்று, 14 நாள். பேதி நின்றாலும் 14 நாளை முடிக்க வேண்டும். ரத்தம் கலந்து போனாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, கண் உள்வாங்கித் துவண்டு கிடந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

நடை. நீங்கள் தமிழாசிரியை, என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதம் கைதட்டும் சப்பாணி, பதினொன்றாம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம்தான் வாரானை. தளர்நடை நடந்து வா என்று கூப்பிடுவதே 13-ல்தான். நம் முன்னோர் குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. பிடிக்காமல் நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்பு. உங்கள் பெண் கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், பிடித்தபடி பக்கவாட்டில் நகர்கிறாள். போதும், நடை வழியில் இருக்கிறது.

வாக்கர் வேண்டாம். உட்காரவைத்து உருட்டும் அந்த வட்டச் சக்கர வண்டியில் குழந்தை தன் எடையைத் தாங்கப் பழகுவதில்லை, நுனிக்காலால் உந்தப் பழகுகிறது. படி இருக்கும் வீட்டில் கண் இமைக்கும் நேரத்தில் உருண்டுவிடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. மாமியார் கேட்டால் "நம்ம பழைய மர நடைவண்டியே வாங்கலாம் அத்தை" என்று சொல்லுங்கள். மூன்று சக்கரம் வைத்து, குழந்தை பின்னால் நின்று பிடித்துத் தள்ளுவது. அதில் குழந்தை தன் காலில் நிற்கிறது. தானாக நிற்க வந்த பிறகு கொடுக்கலாம், அப்போதும் சமதரையில், பக்கத்தில் ஆளோடு. வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள்.

ஆனால் எழுந்து நிற்கும் குழந்தைக்கு வீடே புதிது. நீங்கள் ஒரு முறை முட்டிபோட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், அவள் உயரத்தில் என்ன தெரிகிறது என்று. தொங்கும் அயர்ன் பாக்ஸ் ஒயர், கொசுவர்த்தி, மேசை விரிப்பின் நுனி, ரிமோட்டின் பட்டன் பேட்டரி. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் குளியலறை பக்கெட்தான். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து நிரப்பி வைப்பது வழக்கம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் குழந்தைக்குத் தலையைத் தூக்க வலு இல்லை, நாலு விரல் ஆழத் தண்ணீர் போதும். குளியலறைக்கு வெளியே உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். மூடி டெங்கு கொசுவுக்கும் தடை.

தூளியையும் இப்போது நிறுத்த வேண்டிய நேரம். எழுந்து நிற்கும் குழந்தை தூளியிலிருந்து எட்டிப் பார்த்து விழும், புடவை கழுத்தில் சுற்றும். தரையில் பாய் விரித்துப் படுக்கவையுங்கள்.

இரவு எழுவது இன்னும் சில வாரம் இருக்கும். பகலில் கற்ற வித்தையை இரவில் தூக்கத்திலேயே செய்து பார்ப்பார்கள். என் பேரன் நள்ளிரவில் பாயில் எழுந்து நின்று, உட்காரத் தெரியாமல் அழுவான். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 12 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கினால் போதும். விளக்கைப் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், தட்டிக்கொடுங்கள், தேவையென்றால் பால் கொடுங்கள். அதோடு வேலூர் வெயிலையும் மறக்காதீர்கள். பகலில் 40 டிகிரி குடித்த கான்கிரீட் கூரை இரவு முழுக்க அதைக் கீழே இறக்கும். பாதி அழுகை புழுக்கத்தால்தான். மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளியுங்கள், படுக்கும் முன் ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள், மெல்லிய பருத்தி ஒன்று போதும். வியர்க்குருவுக்கு அப்பும் பவுடர் மூச்சில் போகும், வேண்டாம். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் சின்ன டம்ளரில் ஆறிய தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் இன்னும் கொடுங்கள். ஐந்தரை மணிக்கு மேல் கோட்டை மைதானத்துக்குத் தூக்கிப் போய்விடுங்கள். காக்கா, நாய், பேருந்து என்று விரல் நீட்டிக் காட்டுவாள். அவள் நீட்டியதற்கெல்லாம் பெயர் சொல்லுங்கள், பேச்சு அப்படித்தான் வரும்.

அந்த விரல் நீட்டலைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு வயது முடிந்தும் பெயர் சொன்னால் திரும்பாமல், டாட்டா காட்டாமல், எதையும் சுட்டாமல் இருந்தாலோ, பிடித்துக்கூட நிற்காவிட்டாலோ, 18 மாதத்திலும் நடக்காவிட்டாலோ, வந்த திறன் ஒன்று போய்விட்டாலோ "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். 9 மாதத்துத் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ-யும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். அடுத்தது 16 மாதம் முடிந்ததும்.

இனி ஜூன் மாதம். அரசு ஊழியர்களுக்கு 2021-ல் விடுப்பு 12 மாதமானதால் இந்த வயது வரை கூட இருக்க முடிந்தது. ஆனால் பிரிவுக்கு மிகவும் அழும் வயதும் இதுதான். இன்றே பழக்குங்கள். முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து முகம் காட்டும் விளையாட்டு. அப்புறம் பால் வாங்கப் பத்து நிமிடம். அப்புறம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். ஒவ்வொரு முறையும் "அம்மா போயிட்டு வரேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழுவாளே என்று பின்பக்கமாக நழுவாதீர்கள். நழுவினால் அம்மா எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று பயந்து வீட்டில் இருக்கும் நேரத்திலும் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். பள்ளிக்குப் போகும் வாரத்துக்கு முன்பே மாமியார் குளிப்பாட்டட்டும், ஊட்டட்டும், தூங்கவைக்கட்டும். அவர் செய்வது உங்கள் முறையிலிருந்து கொஞ்சம் மாறினால் விட்டுவிடுங்கள். தேன், டீ, வாக்கர், பக்கெட் இந்த நான்கில் மட்டும் உறுதியாக இருங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. விடியற்காலை ஒன்று, வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. முதல் வாரம் மதியம் மார்பு கட்டிக்கொள்ளும், கையாலேயே கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள், இரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

முதல் நாள் மாலை நீங்கள் வாசலில் கால் வைத்ததும், பகல் முழுக்கச் சிரித்து விளையாடிய பெண் உங்களைப் பார்த்து உதடு பிதுங்கி அழுவாள். மாமியார் கொடுமைப்படுத்தினாரோ என்று நினைத்துவிடாதீர்கள். பகலெல்லாம் அடக்கி வைத்ததை உங்களிடம்தான் கொட்டுவாள். பையைக் கீழே வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, புடவைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு தானே இறங்கிப் போய்விடுவாள்.